பதினோராவது தையல்

தூத்துக்குடியில் எந்த இரும்பு வெடித்தாலும் அது கடைசியில் தன் கொட்டகைக்குத்தான் வந்துசேரவேண்டும் என்று இனிகோ மேஸ்திரி சொல்லுவார். அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே முறை.

உப்பளத்துக்குப் போகும் ரோட்டில், பாத்திகளுக்குக் கடல்தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலை ஒட்டி, நாலு பனந்தூணும் தகரக் கூரையுமாக நின்றது அந்தக் கொட்டகை. வாசலில் ஒரு பலகை. ‘இனிகோ என்ஜினியரிங் ஒர்க்ஸ். வெடித்த இரும்பு தைத்துத் தரப்படும்.’ இதைப் படித்துவிட்டுக் கிழிந்த கால்சட்டையைக் கொண்டுவந்து நீட்டிய வம்பர்கள் உண்டு. மேஸ்திரி முகம் கோணமாட்டார். “இரும்புன்னா கொண்டா. இத்துப்போன துணிக்கு என் ஊசி தாங்காது” என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிறந்தது கீழவைப்பாரில், கடலில் பிழைக்கும் குடும்பத்தில். ஆனால் இனிகோவுக்கும் கடலுக்கும் பொருந்திவரவில்லை. பதினாலு வயதில் முதல் தடவை வள்ளத்தில் ஏற்றியபோது, கரை கண்ணுக்கு மறையுமுன்னே காலையில் குடித்த கஞ்சியை மீன்களுக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாம் தடவை, வள்ளம் இன்னும் மணலில் இருக்கும்போதே கொடுத்தார். தகப்பனார் யோசித்துப் பார்த்தார். “இவனக் கரையிலயே நட்டு வைங்க. மொளச்சா பாப்போம்” என்று தீர்ப்புச் சொன்னார். அப்படி நடப்பட்ட இடம்தான் தூத்துக்குடி பழைய துறைமுகத்தருகே ஒரு பம்பு ரிப்பேர்க் கடை.

அங்கேதான் அந்த வித்தையைக் கண்டார். கற்றார் என்று எழுதினால் யாரோ கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். அப்படி யாரும் இல்லை. ஒரு வெளிநாட்டுக் கப்பலின் என்ஜினியர், வெடித்த பம்பைக் கடை வாசலில் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஏதோ செய்துகொண்டிருந்தார். இனிகோ மூன்று நாளும் தூண் மறைவில் நின்று பார்த்தார், அவ்வளவுதான். தீ கிடையாது, வெல்டிங் கிடையாது. வெடிப்பின் இரண்டு முனையிலும் முதலில் ஒரு துளை. வெடிப்பு மேற்கொண்டு ஓடாமல் இருக்க அது வேலி. பிறகு வெடிப்பின் மேலேயே ஒரு துளை போட்டு, மரை வெட்டி, செம்பு ஆணி ஒன்றைத் திருகி இறக்கி, தலையை நறுக்குவது. அடுத்த துளையை முந்தின ஆணியின் தோளைக் கொஞ்சம் கடித்தபடி போடுவது. அதிலும் ஒரு ஆணி. இப்படியே பூத்தொடுப்பதுபோல ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வெடிப்பு முழுக்க ஆணிகள் நிற்கும். கடைசியில் எல்லாவற்றையும் தட்டி, அராவி, சமமாக்கிவிட வேண்டியது. இரும்புக்குத் தையல் என்பது இதுதான்.

அதன்பின் இனிகோ தைத்த பம்புகள் ஏராளம். தோணிகளின் பாரம் தூக்கும் உருளைகளைத் தைத்தார். ஐஸ் கம்பெனி மிஷினைத் தைத்தார். தோல்வி என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. சொந்த ஊர்க்காரர்கள், வெடித்துப்போன மாதா கோயில் மணி ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார்கள். இருபத்தாறு தையல் போட்டு, விளிம்புகூடத் தெரியாமல் அராவிக் கொடுத்தார். அந்த மணி அதற்கப்புறம் வெடிக்கவே இல்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. நாக்கை இழுத்தால், சட்டியில் அகப்பை படுகிற மாதிரி ‘டொக்’ என்று ஒரு சத்தம். முதல் ஞாயிறு பூசைக்கு யாரும் வரவில்லை. யார் வீட்டிலோ சோறு பொங்கியாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இத்தனை பெருமைகளும் இந்த ஒரு சிறுமையும் உடைய மனிதருடைய வாழ்க்கையில், புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த 1973ஆம் வருஷம், சித்திரை வெயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு ஜோடி மாடுகள் ஒரு லாரியை இழுத்துக்கொண்டு வந்தன.

அந்த லாரிக்குப் ‘பட்டாளத்தான்’ என்று பெயர். உலகச் சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஊழியம் செய்துவிட்டு, சண்டை முடிந்ததும் ஏலத்தில் போய், கைமாறிக் கைமாறி, வடிவம்மாளின் உப்பளத்தில் மூட்டை சுமக்க வந்துசேர்ந்தது. ஓடினாலும் பெட்ரோல் குடிக்கும், நின்றாலும் குடிக்கும். உதிரிச் சாமான் மதுரையிலும் கிடையாது, மதராசிலும் கிடையாது. மாடுகளுக்குப் பின்னால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தேரில் வருகிறவர்போல உட்கார்ந்திருந்தவர் டிரைவர் தாணுலிங்கம். வயது ஐம்பத்தைந்து. அந்த லாரியை அவரைத் தவிர வேறு யாராலும் ஸ்டார்ட் செய்ய முடியாது என்பது அவருடைய ஒரே சொத்து.

பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு முதலாளி வடிவம்மாள் நடந்து வந்தாள். நாசரேத்துப் பக்கம் பனங்கருப்பட்டி வியாபாரம் செய்த குடும்பம்; கல்யாணமாகி வந்து, புருஷன் போனபிறகு, ஐம்பது வயதில் உப்பளத்தைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவள்.

“தம்பி, இனிகோ, இதப் பாரு. வெள்ளப் புகையா விடுதான். தண்ணிய ஊத்தினா ஊத்தின இடம் தெரியல, உள்ளயே குடிச்சிருதான்.”

மேஸ்திரி என்ஜினைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். பிறகு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் சும்மா பார்த்தார். இது அவருடைய முறை. எந்த உடைந்த சாமானையும் தொடுவதற்கு முன் அதன் எதிரே உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒரு பம்பை ஒன்றரை நாள் பார்த்ததுண்டு. பார்க்கிற நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்.

“என்ன அண்ணாச்சி நடந்துச்சு?” என்றார் கடைசியில்.

“ஒண்ணும் நடக்கல மேஸ்திரி. பாத்திக்கிட்ட நிக்கயில கொதிச்சுட்டான். மூடியத் தொறந்தேன். தண்ணி ஊத்துனேன். உள்ள ‘டிக்’குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

“கொதிக்கிற என்ஜின்ல பச்சத் தண்ணியா ஊத்துனிய?”

“பச்சத் தண்ணி இல்ல” என்றார் தாணுலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு. “பாத்தித் தண்ணி.”

மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தின என்று சொல்லலாம். சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை.

“உப்புத் தண்ணியா!” வடிவம்மாள் குடையை மடக்கினாள். “ஏ தாணுலிங்கம், பக்கத்துலயே பானையில குடிக்கிற தண்ணி இருந்துச்சுல்லா?”

“இருந்துச்சு முதலாளியம்மா. அதான் சொல்லுதேன். குடிக்கிற தண்ணியப் போய் எப்பிடி ஒரு என்ஜினுக்கு ஊத்த? பாவம்லா?”

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். மூன்று தெரு தள்ளியிருக்கிற குழாயில் குடத்தை வரிசையில் வைத்து, அந்த வரிசையில் தன் குடம் இருக்கிறதா என்று நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊரில், நல்ல தண்ணீரைச் சூடான இரும்பில் கொட்டுகிறவனை எந்தச் சாமியும் மன்னிக்காது. வடிவம்மாளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவளும் மேற்கொண்டு திட்டவில்லை. “பாவம்னா பாவம்தான். ஆனா இப்பம் யாரு அனுபவிக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை என்ஜினின் தலைமூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். இரண்டு பேர் தூக்கவேண்டிய வார்ப்பிரும்பு. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மேஸ்திரி அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்தார். பிறகு வடிவம்மாளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“யக்கா, அந்தச் சுண்ணாம்பு டப்பியக் குடுங்க.”

“வெத்தல போடப் போறியா?”

“நான் போடல. ஹெட்டு போடப் போவுது.”

சிப்பிச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாகப் பூசி, ஊதி ஊதிக் காயவைத்தார். வெள்ளைப் பரப்பில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல மேலே ஊறி, மூன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கு நடுவே, தண்ணீர்த் துவாரத்திலிருந்து ஒன்றரை விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மை போட்டுப் பார்த்ததுபோல மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“வெத்தலக்குச் செவக்கும், இதுக்குக் கறுக்குது” என்றாள் வடிவம்மாள். பிறகு, “தைக்க முடியுமா தம்பி? கோயில் மணி மாதிரி ஆயிராதே?”

இனிகோ மேஸ்திரியின் காது மடல் சிவந்தது. “மணிக்குச் சத்தம் வேணும்க்கா. ஹெட்டுக்குச் சத்தம் வேண்டாம். அதுதான் வித்தியாசம்” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவருக்காக இன்னொரு இரும்பு காத்திருந்தது. மச்சான் விக்டர்.

விக்டர், மேஸ்திரியின் மனைவி பிளாரன்ஸுக்கு அண்ணன். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டுகிற கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் போர்மேன். காக்கி உடுப்பு, பையில் மூன்று பேனா, கழுத்தில் ஒரு விசில். அந்த விசில் ஊதினால் முப்பது பேர் வேலையைத் தொடங்குவார்கள். இன்னொரு தடவை ஊதினால் முப்பது பேர் டீ குடிப்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் விசிலைக் கழற்றுவதில்லை. யாருக்காவது டீ குடிக்கவேண்டியிருக்கலாம் அல்லவா.

“மாப்ள, கடைசித் தடவையா சொல்லுதேன். ஆள் எடுக்கது திங்கக்கிழமையோட முடியுது. பாரம் கொண்டாந்திருக்கேன். கையெழுத்துப் போட்டீருன்னா நிம்மதி. எட்டு மணிக்கு உள்ள, அஞ்சு மணிக்கு வெளிய. காக்கி உடுப்பு கம்பெனியே குடுக்கும்.”

வேலைக்கான விண்ணப்பப் பாரம் மேசைமேல் கிடந்தது. அட்டைபோலக் கெட்டியான பழுப்புத் தாள். ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்பதற்கு எதிரே புள்ளி புள்ளியாக ஒரு கோடு.

“அண்ணன் சொல்லுறதுலயும் ஞாயம் இருக்குல்லா?” என்றாள் பிளாரன்ஸ். “நீங்க ஒரு பம்ப நாளெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கிய. அங்கன போனா பாக்கதுக்கும் சேத்துச் சம்பளம் குடுப்பான்.”

“பாக்க விடமாட்டான்” என்றார் மேஸ்திரி. “விசில் ஊதுவான்.”

இதுதான் விஷயத்தின் மையம். இனிகோ வேலைக்கு அஞ்சுகிறவர் அல்ல. விசிலுக்கு அஞ்சுகிறவர். ஒரு வெடிப்பின் எதிரே மரப்பெட்டி போட்டு உட்கார்ந்து அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று யோசிக்கிற அந்த அரை நாளை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கிற இனிகோ யார் என்று அவருக்கே தெரியாது. மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் விக்டர் அப்போது ஒரு வார்த்தை விட்டார்.

“இன்னமும் பட்டாளத்தானுக்குத் தையலாமே? தாணுலிங்கம் சொன்னாரு. மாப்ள, அது தண்ணியக் கக்கும். எங்க ஒர்க்‌ஷாப்புல இதயெல்லாம் பழைய இரும்புல தூக்கிப் போட்டுருவோம்.”

மேஸ்திரி எழுந்தார். சுவரில் மாதா படம். படத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“திங்கக்கிழம காலைல எட்டு மணிக்கு வாரும். நீரே பம்படிச்சுப் பாரும். அந்த ஹெட்டுல ஒரு சொட்டுத் தண்ணி கசிஞ்சுதுன்னா, அங்கனயே பாரத்துல கையெழுத்து. பலகையும் கீழ இறங்கும். மாதா சாட்சி.”

இந்தச் சபதத்தை யாரும் கேட்கவில்லை. மாதாவும் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் பிளாரன்ஸ் கேட்டுவிட்டாள். “திங்கக்கிழம, எட்டு மணி, ஒரு சொட்டு” என்று அவள் ஒரு தடவை சொல்லிப்பார்த்துக்கொண்டாள். பிளாரன்ஸ் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் ரிஜிஸ்தர் ஆபீசில் பதிந்தமாதிரி.

வியாழக்கிழமை காலை தையல் தொடங்கியது. வேலி போடும் இரண்டு துளைகள் முதலில். பிறகு கைத்துரப்பணத்தைச் சுற்றி ஒவ்வொரு துளையாக. தாணுலிங்கம் பாவவிமோசனத்துக்காகக் கூடவே உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, ஒவ்வொரு ஆணிக்கும் மூக்கச் சுளிக்கீரே, எதுக்கு?”

“மரை சரியா ஏறுதான்னு கேக்கேன்.”

“மூக்காலயா?”

“காதால. மூக்கு சும்மா தொணைக்கு வருது.”

மொத்தம் பத்தொன்பது தையல். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ஆணி இறங்கியது. தட்டி, அராவி முடித்தார். ஆனால் ஹெட்டின் அடிப்பரப்பு முழுக்கச் சமமாக இருக்கவேண்டும். அதற்குக் கோணலில்லாத ஒரு பரப்பு வேண்டும். அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டு இழுத்து இழுத்துத் தேய்க்கவேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் இதற்கென்று மிஷின் இருக்கிறது. இனிகோவின் ஜில்லாவில் அப்படிச் சமமான பரப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிளாரன்ஸின் நிலைக்கண்ணாடி. ஆளுயரம், கனமான பெல்ஜியம் கண்ணாடி, தங்கச்சி கல்யாணத்துக்கு விக்டர் கொடுத்த சீதனம்.

பிளாரன்ஸ் குழாய்க்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு பெரியவர்கள் அந்தக் கண்ணாடியைச் சேலை போர்த்தித் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். எதிரே வந்தவர் ஒருவர் தொப்பியை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை, சேலை போர்த்தியிருந்த விதம் அப்படி.

மாவுப் பசையால் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் ஒட்டி, நான்கு மணி நேரம் தேய்த்தார்கள். பரப்பு தகதகவென்று வந்தது. கண்ணாடி என்ன ஆயிற்று என்று பார்க்கிற தைரியம் இருவருக்கும் இல்லை. சாயங்காலம் பிளாரன்ஸ் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“என் கண்ணாடி எங்க?”

“அடியில இருக்கு” என்றார் மேஸ்திரி.

அவள் ஹெட்டைப் பார்த்தாள். ஹெட்டின் அடியில் இருந்ததைப் பார்த்தாள். “அண்ணன் குடுத்த கண்ணாடி” என்றாள் நிதானமாக. “திங்கக்கிழம ஒரு சொட்டு விழட்டும். கையெழுத்துப் போட நானே பேனா எடுத்துத் தாரேன்.”

சனிக்கிழமை சோதனை. ஹெட்டைத் தையல் தெரியும்படி சாய்த்து நிறுத்தி, தண்ணீர்த் துவாரங்களை ரப்பர் வெட்டி மரக்கட்டை வைத்து இறுக்கி அடைத்தார்கள். மேலே ஒரு வாயில் தண்ணீர் நிரப்பி, சைக்கிள் டியூபின் வால்வுள்ள துண்டை அதில் கட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து அழுத்தம் ஏற்றவேண்டும். தண்ணீருக்காகப் பிளாரன்ஸ் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீர் ஒரு குடம் கொட்டகைக்கு வந்தது. கோபம் வேறு, குடும்பம் வேறு. “அண்ணாச்சி, நீங்க ரொப்புங்க” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி டியூபை வெட்டப் போனார். தாணுலிங்கம் ரொப்பினார்.

மேஸ்திரி பம்படித்தார். முப்பது அடி. ஒன்றுமில்லை. நாற்பது. ஒன்றுமில்லை. ஐம்பதாவது அடியில், நடுவே, பதினோராவது தையலின் ஓரத்தில் ஒரு முத்து அரும்பியது. சங்கு குளிப்பவர்களும் முத்துக் குளிப்பவர்களும் காலங்காலமாகத் தேடுகிற அழகோடு அது உருண்டு திரண்டு நின்றது. பிறகு விழுந்தது.

“வேர்வையா இருக்கும்” என்றார் தாணுலிங்கம்.

“இரும்புக்கா?”

“வெயிலு அப்பிடி.”

மேஸ்திரி சுத்தியலால் அந்த ஆணியின் தலையைச் சுற்றித் தட்டினார். மறுபடி பம்படித்தார். முன்பு பத்து எண்ணுவதற்குள் விழுந்த சொட்டு, இப்போது முப்பது எண்ணியபிறகு விழுந்தது. முன்னேற்றம்தான். ஆனால் சபதத்தில் எண்ணிக்கை பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. அந்த ஆணியைக் குடைந்து எடுத்துவிட்டு வேறு போடலாம். போட்டால் பக்கத்து ஆணிகள் தளரும். தளர்ந்தால் பத்தொன்பதையும் மறுபடி போடவேண்டும். பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை இரும்பைத் தொட்டால் பங்குச் சாமியார் சும்மா விட்டாலும் பிளாரன்ஸ் விடமாட்டாள்.

தண்ணீரைக்கூட வடிக்காமல், அடைப்புகளோடு ஹெட்டை அப்படியே விட்டுவிட்டு, மேஸ்திரி வெளியே வந்து பலகையைப் பார்த்தார். எத்தனை ஆணியில் தொங்குகிறது என்று எண்ணினார். நாலு. கழற்றுவது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாட்சிக்குக் கூப்பிட்ட ஆளிடமே சலுகை கேட்பது நன்றாயிருக்காது என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸ் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு. ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் மிகவும் குத்தியது. மத்தியானம் மீன்குழம்பில் இரண்டு துண்டு அதிகமாக வைத்தாள். மேஸ்திரி தின்றார். துக்கம் ஒருபுறம் இருந்தாலும் அது சீலா மீன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கொட்டகையில் சபை கூடியது. வெள்ளைச் சட்டையில் மேஸ்திரி. பாரத்தைச் சுருட்டிக் கையில் வைத்தபடி விக்டர். குடையோடு வடிவம்மாள். ஒரு மூலையில் தாணுலிங்கம். பிளாரன்ஸ், சொன்னபடியே, ஒரு பேனாவோடு.

“மாப்ள, நீரு அடிக்கவேண்டாம். நான் அடிக்கேன். பின்னால பேச்சு வரக்கூடாது” என்றார் விக்டர். காக்கிச் சட்டையின் கையை மடக்கினார். பம்பைப் பிடித்தார்.

முப்பது. நாற்பது. ஐம்பது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். அறுபது. எழுபது. விக்டரின் மூச்சு மட்டும் கேட்டது. எண்பதில் “சொட்டு!” என்று ஒரு குரல். தாணுலிங்கம்.

எல்லோரும் குனிந்தார்கள். ஹெட்டின்மேல் ஒரு சொட்டு இருந்தது. பிளாரன்ஸ் கிட்டே போய்ப் பார்த்தாள். அடுத்த சொட்டு வந்த வழியையும் பார்த்தாள். அது விக்டரின் மூக்கு நுனியிலிருந்து வந்தது.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். முந்தானையால் ஹெட்டைத் துடைத்தாள். கையை வைத்தே இருந்து பார்த்தாள். நூறு எண்ணினாள். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

“காஞ்சிருக்கு.”

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். அவருக்குத்தான் யாரையும்விட அதிக ஆச்சரியம். குனிந்து பதினோராவது தையலைப் பார்த்தார். அதைச் சுற்றி மயிரிழைபோலச் சிவப்பாக ஒரு வளையம். துரு. சனிக்கிழமை அது இல்லை. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்தவர் மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி.”

தாணுலிங்கம் தகரக் கூரையில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழம ஹெட்டுல என்ன தண்ணி ஊத்துனிய?”

“தண்ணிதான்.”

“எந்தத் தண்ணி?”

“பின்னால வாய்க்கா ஓடுதுல்லா... அதுல மோந்து...”

“என் குடத்துத் தண்ணி என்னாச்சு?” என்றாள் பிளாரன்ஸ்.

“மூடி வச்சிருக்கேன் தாயி, அந்தா தூணுக்குப் பின்னால. ஒரு செம்புதான் எடுத்தேன், குடிக்க. நீ கால்கடுக்க நின்னு பிடிச்ச தண்ணிய இரும்புல ஊத்த எனக்கு மனசு வரல.”

வெடிக்கவைத்த அதே பாவத்தை மனிதர் அதே வாரத்தில் மறுபடியும் செய்திருக்கிறார். ஒன்றரை நாள் உள்ளேயே நின்ற உப்புத் தண்ணீர், செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த மயிரிழைச் சந்தில் புகுந்து, இரும்பைத் துருப்பிடிக்கவைத்து, துரு ஊதி, சந்தை அடைத்துவிட்டது. தூத்துக்குடிக் காற்றில் கதவுக் கீல் எப்படிச் சிக்கிக்கொள்கிறதோ அப்படி.

மேஸ்திரிக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. ‘எல்லாம் கணக்குப் பண்ணித்தான் செய்தேன்’ என்று சொன்னால் நம்புவதற்கு நாலு பேர் எதிரே நிற்கிறார்கள். ஆனால் மாதா சாட்சியும் உண்டு.

“என் தையல்ல சனிக்கிழம சொட்டுச்சு” என்றார். “அண்ணாச்சி ஊத்துன உப்பு அடைச்சிருக்கு. இதுதான் நடந்தது.”

“கேட்டியா!” விக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு துள்ளினார். “இவரு தையல் நிக்கல. துருதான் நிக்குது. மாப்ள, போடும் கையெழுத்த!”

“பதினெட்டுத் தையல் நின்னுதுல்லா?” என்றார் தாணுலிங்கம். “ஒண்ணே ஒண்ணுதான் நான் போட்டது.”

எல்லோரும் பிளாரன்ஸைப் பார்த்தார்கள். அவள் பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

“அண்ணா, இவுக மாதாகிட்ட என்ன சொன்னாவ? திங்கக்கிழம எட்டு மணிக்கு ஒரு சொட்டு கசிஞ்சா. இப்பம் திங்கக்கிழம. எட்டும் தாண்டிட்டு. சொட்டு உண்டா, இல்லையா?”

“இல்ல. ஆனா சனிக்கிழம...”

“சனிக்கிழம சபதத்துல இல்ல. எது அடைச்சுதுங்கறதும் சபதத்துல இல்ல. துருவும் இவுக கொட்டகைத் துருதான்.”

“நல்லாச் சொன்ன ஏளா” என்றாள் வடிவம்மாள். “உன்னைய உப்பளத்துக்குக் கணக்கப்பிள்ளையா வச்சுருக்கணும்.”

வாய்க்கால் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, மத்தியானத்துக்குள் ஹெட்டை என்ஜின்மேல் ஏற்றிவிட்டார்கள். வந்ததே வந்தோம் என்று விக்டரும் ஒரு பக்கம் பிடித்தார். விசில் இல்லாமல் போல்ட்டை முறுக்க அவருக்கு நன்றாகவே வந்தது. எல்லாம் முடியப்போகிற நேரத்தில் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற குழாயின் மூட்டுக்குள் வைக்கத் தாள் பேக்கிங் வேண்டும். இருந்த பழசு கழற்றும்போதே கிழிந்துபோயிற்று.

“கெட்டித் தாளா ஒண்ணு வேணுமே. அட்டை மாதிரி. எண்ணெய்ல நனைச்சா நிக்கணும்.”

பிளாரன்ஸ், அண்ணன் தூணில் செருகி வைத்திருந்த பாரத்தை எடுத்தாள். விரலுக்கிடையே வைத்துத் தடிமன் பார்த்தாள்.

“இது ஆவுமா பாருங்க.”

மேஸ்திரி அவளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். இந்தத் தடவை அரை நாள் பார்க்கவில்லை. மூட்டின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டத் தட்ட, ஒரு ஓரத்தில் மட்டும் விரல்கடை மிச்சம் விட்டு, அளவாக வெட்டுப்பட்டு விழுந்தது பேக்கிங்.

“ஏளா, அது கம்பெனிப் பாரம்!” என்றார் விக்டர்.

“கம்பெனில பாரம் நிறைய இருக்கும்ணா. லாரிக்கு வேற பேக்கிங் இல்ல.”

ரேடியேட்டரில் பிளாரன்ஸின் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். தாணுலிங்கம் அந்த நேரம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு முன்னால் வந்து, கைப்பிடியைச் செருகி, தனக்கு மட்டுமே தெரிந்த மாதிரி இரண்டு அரைச் சுற்றும் ஒரு முழுச் சுற்றும் சுற்றினார். பட்டாளத்தான் ஒரு தடவை தும்மி, இரண்டு தடவை இருமி, உறுமத் தொடங்கினான். வெள்ளைப் புகை இல்லை. கோயில் மணிக்கு வராத நாதமெல்லாம் இதற்கு வந்தது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். பசையைச் சுரண்டி எடுத்தபிறகு அது முழுக்க மெல்லிய மூட்டம் போட்டிருந்தது. உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த தூள் செய்த வேலை. மேஸ்திரி பயந்துகொண்டே அதைச் சுவரில் சாய்த்தார். பிளாரன்ஸ் அதன்முன் நின்றாள். முகத்துச் சுருக்கம் ஒன்றுகூடத் தெரியவில்லை, நரையும் தெரியவில்லை, பத்து வருஷத்துக்கு முந்தின பிளாரன்ஸ் மங்கலாக நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றாள். பின்னால் தெருப் பெண்கள் பலர் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பட்டாளத்தான் உப்பு சுமக்கப் போய்விட்டான். வடிவம்மாளின் உத்தரவுப்படி ஒரு மண்பானை நல்ல தண்ணீர் அவன் முதுகில் எப்போதும் கட்டியிருந்தது. தாணுலிங்கம் அதைத் தொடுவதில்லை என்பதால் என்ஜின் கொதித்தால் ஆறும்வரை நிழலில் உட்கார்ந்திருப்பார். அதனாலேயே ஹெட் வெடிக்கவில்லை. மேஸ்திரியின் பலகை நாலு ஆணியிலேயே தொங்குகிறது.

விக்டர் மட்டும், ரோட்டில் பட்டாளத்தானைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, பானெட்டைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்ப்பார். குழாய் மூட்டுக்கு வெளியே பழுப்புத் தாளின் ஓரம் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய்க் கறையிலும் அது நன்றாகப் படிக்கக்கூடியதாகவே இருந்தது. ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்றும், அதன் எதிரே வெறும் புள்ளிகளும்.

“கசியுதா?” என்று கேட்பார்.

“ஒரு சொட்டு கெடையாது” என்பார் தாணுலிங்கம்.